எங்கட வீட்டுக் கொம்பியூட்டரில் சிம்சிட்டி 4 ஓடுமா?

கடைக்காரர் மூடியைக் கழற்றவே இல்லை. சிபியூவை ஓட்டோவில் ஏற்றி, வழி முழுக்க மடியில் பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முன்பக்க ஸ்டிக்கரை ஒருக்கா பார்த்தார், அவ்வளவுதான். "டுவல் கோர். பத்துப் பதினஞ்சு வருசம் இருக்கும் என்ன? இதில இனி ஒண்டும் ஓடாது தங்கச்சி." எந்த கேம் என்று சொன்னேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. "கேம் எண்டால் கிராபிக்ஸ் காட் வேணும். இந்த போர்ட்டுக்கு காட் போடுறது வீண் காசு. புதுசா ஒண்டு எடுங்கோ, ஒன்றரைக்குள்ள முடிச்சுத் தாறன்."

ஒன்றரை என்றால் ஒன்றரை இலட்சம்.

எங்கட வீட்டில் அந்தப் பதிலுக்கு உண்மையிலேயே ஒரு விலை இருந்தது. இந்தக் கணினி 2011இல் அக்காவின் ஏ.எல் படிப்புக்கு வாங்கியது. அக்காவுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு தம்பி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனபோது, இனி இந்த வீட்டில் புது மெஷின் என்ற பேச்சே இல்லை என்று எல்லாருக்கும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அதுக்குப் பிறகுதான் அம்மா ஒரு சீட்டுப் பிடிக்கத் தொடங்கினவ. தம்பி கம்பஸ் போகும்போது அவனுக்கு ஒரு லப்டொப், அந்தக் காசு அதுக்கு மட்டும்தான். நான் கடையால் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "இருவது வருசத்துக்கு முந்தின கேமே ஓடாத சாமானை ஏன் மேசையில வச்சிருக்கிறியள்? பழைய இரும்புக்குக் குடுத்திட்டு சீட்டை எடுத்துப் புதுசா வாங்குங்கோவன்."

ஸ்டிக்கரைப் பார்த்துச் சொன்ன ஒரு வசனம் சீட்டுக் காசு வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் நானே பார்ப்போம் என்று இருந்தேன். இதைப் பற்றி எழுதுவதும் அதனால்தான். "ஓடுமா?" என்று யாரிடமாவது கேட்டு, "ஓடும்", "ஓடாது" என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வருகிற பழக்கம் எங்களிடம் கனக்க இருக்கு. அந்தக் கேள்வியே பிழை என்பது என் கட்சி.

முதலில் கேமைப் பற்றி. சிம்சிட்டி 4 மக்சிஸ் நிறுவனம் செய்தது, 2003 ஜனவரியில் வந்தது. நீங்கள்தான் மேயர். வெறும் நிலத்தில் வீதி போட வேண்டும், இது குடியிருப்பு, இது கடை, இது தொழிற்சாலை என்று வலயம் பிரிக்க வேண்டும், பிறகு சனம் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். சுடுகிறது வெட்டுகிறது ஒன்றும் இல்லை. நான் புவியியல் படிக்கிறேன். நகரப் புவியியல் பாடத்தில் வலயங்களையும் போக்குவரத்தையும் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இது ஞாபகம் வந்தது. லண்டனில் இருக்கிற மாமா ஒருமுறை ஊருக்கு வந்தபோது, மச்சான் விளையாடி முடித்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். ஒரிஜினல் டிஸ்க். (எங்கட ஊர்க் கடைகளில் அந்தக் காலத்தில் விற்றது எல்லாம் மார்க்கர் பேனையால் பெயர் எழுதின கொப்பிதானே. அச்சடித்த டிஸ்க்கைத் தொட்டது எனக்கு அதுதான் முதல் தரம்.)

பெட்டியின் பின்பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை போட்டிருக்கு. 500 மெகாஹேர்ட்ஸ் ப்ரொசெசர், 128 எம்பி றாம். எங்கட வீட்டு மெஷினில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அமத்தி, டிஎக்ஸ்டயக் என்று அடித்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எல்லா விண்டோஸிலும் இருக்கு, காசு இல்லை, இணையம் தேவையில்லை. அதில் பார்த்தேன்: பென்டியம் டுவல் கோர் ஈ5700, 3 கிகாஹேர்ட்ஸ், 2 ஜிபி றாம், விண்டோஸ் 7. பெட்டி கேட்ட வேகத்தின் 6 மடங்கு, கேட்ட நினைவகத்தின் 16 மடங்கு. "ஒண்டும் ஓடாது" என்று சொன்ன மனுசனை நினைத்து அந்த இரவு எனக்கு நல்ல சிரிப்பு.

சிரிப்பு அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும்தான். கேம் ஏறியது, படம் வந்தது, நிலம் வந்தது, இரண்டு வீதி போட்டேன். பத்து நிமிசத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் டெஸ்க்டொப்புக்கு வந்து நின்றது. திருப்பித் திறந்தால் திருப்பியும் அதே கதை.

அவர் பிழை என்று காட்டப் போய், நானும் அதே பிழையைத்தான் விட்டிருந்தேன். அவர் ஸ்டிக்கரை வாசித்தார், நான் எண்ணை வாசித்தேன். 2003இல் வீட்டுக் கணினி என்றால் ப்ரொசெசருக்குள் ஒரு கோர்தான். அந்தக் காலத்து கேமுக்கு இரண்டு கோர் என்ற ஒரு சாமானே தெரியாது. இரண்டு கோருக்கு நடுவில் வேலை மாறும்போது சிம்சிட்டி 4 விழுந்துபோகும் என்பது அதை விளையாடுகிற உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயமாம், எனக்குத்தான் புதுசு. அதுக்கு மருந்து சின்னது. கேம் திறந்திருக்கும்போது டாஸ்க் மனேஜருக்குப் போய், அஃபினிட்டி என்ற இடத்தில் ஒரு கோரை மட்டும் விட்டுவிட்டு மற்றதின் சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். மெஷினின் பாதியை நிற்பாட்டிவிட்டால் கேம் ஒழுங்காக ஓடுது. பலம் காணாமல் விழவில்லை, பலம் கூடித்தான் விழுந்தது!

அடுத்தது கிராபிக்ஸ். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இங்கேதான் இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். எங்கட மெஷினில் தனிக் காட் இல்லை, போர்ட்டோடு சேர்ந்து வந்த இன்டெல் எக்ஸ்4500 மட்டும்தான். ஆனால் இந்த கேம் ஒரு காட்டைப் பார்த்து "நீ காணும், நீ காணாது" என்று எப்படி முடிவெடுக்குது தெரியுமா? அதன் கோப்புறைக்குள் ஒரு பட்டியல் இருக்கு. சும்மா நோட்பேட்டில் திறந்து வாசிக்கலாம். 2003 வரைக்கும் வந்த காட்களின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் என்ன சலுகை என்பதும் வரிவரியாக எழுதியிருக்கு. அதுக்குப் பிறகு பிறந்த எந்தக் காட்டுக்கும் அங்கே பெயர் இல்லை. ஜீஎஸ்ஸின் பட்டியலில் பெயர் இல்லாத குடும்பம் மாதிரித்தான், ஆள் நேரில் போய் நின்றாலும் ஆள் இல்லை. 2004இல் வந்த த சிம்ஸ் 2 என்ற கேமிலும் இதே வகைப் பட்டியல்தான். அதனால் இண்டைக்கு இலட்சக்கணக்கில் காசு கொடுத்து வாங்கின காட்டைக்கூட அது அடையாளம் தெரியாமல், சின்னத் திரை அளவுக்குள் அடக்கி வைத்துவிடும்.

எங்கட வீட்டில் சிம்சிட்டி காட்டை நம்பாமல் சொப்ட்வெயார் முறையில்தான் தொடங்கியது. படம் வரைகிற வேலையும் சேர்த்து ப்ரொசெசர் தலையில். தெரிவுகளுக்குள் போய் ஹாட்வெயாருக்கு மாற்றினேன். சில இடங்களில் நிழல் கொஞ்சம் கோணலாக விழுது. எனக்கு அது பிரச்சினை இல்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வது கேம் ஓட வைத்த பெருமைக்கு இல்லை. (சரி, கொஞ்சம் அதுக்கும்தான்.) முதலாம் வருசத்தில் வரலாறு ஒரு பாடமாக எடுத்தபோது எங்களுக்கு முதலில் படிப்பித்தது ஒரு ஆவணத்தை எப்படி வாசிப்பது என்பதைத்தான். யார் எழுதினது, எப்ப எழுதினது, ஆருக்காக எழுதினது. கல்வெட்டுக்குக் கேட்கிற இந்தக் கேள்விகளை ஏன் ஒரு கேம் பெட்டியின் பின்பக்கத்துக்குக் கேட்கக்கூடாது? அதை எழுதினது விற்கிறவன். எழுதினது 2003இல். ஆருக்காக என்றால், கடையில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆளுக்காக. அந்த ஆள் பெட்டியைத் திருப்பி வைத்துவிடாமல் இருக்க வேணும். அதனால் "குறைந்தபட்சம்" என்ற சொல்லுக்குப் பொருள் "சந்தோசமாக விளையாடலாம்" என்பதில்லை, "திறக்கும்" என்பது மட்டும்தான். 2003இலேயே நகரம் பெரிதானால் இந்த கேம் மெதுவாகுது என்று ஆக்கள் முறைப்பட்டிருக்கினம். 500 மெகாஹேர்ட்ஸ் மெஷினில் அதை விளையாடின ஒருவரைக் கண்டால் எனக்கு ஒருக்கா கதைக்க வேணும்.

கிகாஹேர்ட்ஸ் கணக்கும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பென்டியம் 4 ஒன்றிலும் 3 கிகாஹேர்ட்ஸ் எழுதியிருக்கும், எங்கட மெஷினிலும் 3 எழுதியிருக்கு. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் செய்து முடிக்கிற வேலை இரண்டிலும் ஒன்றில்லை. இப்ப வருகிற மலிவு லப்டொப்பில் 1.1 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிற ஆக்களும் இருக்கினம், அதுவும் தேவையில்லாத பயம்.

இணையத்தில் சோதித்துச் சொல்கிற தளங்கள் இருக்கே என்று கேட்பீர்கள். கேமின் பெயரை அடித்தால் உங்கட மெஷினை அளந்து பச்சையோ சிவப்போ காட்டும். புது கேமுக்கு அது ஓரளவு உதவும், மறுக்கவில்லை. பழைய கேமுக்கு அது எண்ணை எண்ணோடு ஒப்பிடுகிற வேலைதான் செய்யும். இரண்டு கோர் பிரச்சினையை, பெயர்ப் பட்டியலை, டிஸ்க்கின் பூட்டை அது பார்க்காது. பச்சை விழுந்த மெஷினில் கேம் திறக்காமல் கிடக்கும்.

டிஸ்க்கின் பூட்டு என்று சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ரூமில் என்னோடு இருக்கிற தோழியிடம் நல்ல புது லப்டொப் இருக்கு. அதில் போட்டுப் பார்ப்போம் என்று பெட்டியோடு போனால், டிஸ்க் போட ஓட்டையே இல்லை! வேறொருவரிடம் யூஎஸ்பியில் கொழுவுகிற டிரைவ் ஒன்று கடன் வாங்கினோம். போட்டால் விண்டோஸ் டிஸ்க்கைத் திறக்க விடுது, கேமைத் திறக்க விடுதில்லை. காரணம் இதுதான். 2000களின் தொடக்கத்தில் கொப்பி அடிப்பதைத் தடுக்க கனக்க டிஸ்க்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் போட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்க விண்டோஸுக்குள் ஒரு டிரைவர் வேண்டும். பாதுகாப்பு ஓட்டை என்று சொல்லி 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வருசம் செப்டெம்பரில் ஒரு அப்டேட் மூலம் விண்டோஸ் 7இலும் நிற்பாட்டினார்கள். நியாயமான காரணம்தான். எங்கட வீட்டு மெஷின் வருசக்கணக்காக இணையத்தோடு கொழுவாமல் கிடந்ததால் அந்த அப்டேட் அதுக்கு வந்து சேரவே இல்லை. ஆகவே, காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் டிஸ்க், "இதில ஒண்டும் ஓடாது" என்ற மெஷினில் ஓடுது, புது லப்டொப்பில் ஓடுதில்லை. (அந்த மெஷினை இனி இணையத்தில் கொழுவக்கூடாது என்பது வேறு விசயம். எங்கட வீட்டு வயரே அந்த அறை வரைக்கும் எட்டாது.)

தோழி பிறகு டிஸ்க் தேவையில்லாத பதிப்பை இணையத்தில் வாங்கினாள். ஜிஓஜியில் விற்கிறார்கள், ஸ்டீமிலும் இருக்கு. அவளுடைய வங்கிக் காட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி அலைந்ததுதான் கேமை இறக்கியதைவிட நேரம் பிடித்தது. அவளுடையதில் நகரம் வேகமாகத்தான் ஓடுது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவளுடைய லப்டொப்பில் இருக்கிற மற்றக் கோர் எல்லாம் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஒன்று மட்டும் ஓடித் திரியுது. ஒன்றரை இலட்சம் போட்டுப் புதுசு வாங்கியிருந்தால் நானும் அந்த ஒரு கோருக்குத்தான் காசு கட்டியிருப்பேன்.

"ஓடுமா?" என்ற கேள்வி பிழை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வகை கேம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. தொடங்கும்போது வெறும் நிலம். எந்த மெஷினும் அதைத் தூக்கும். ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர், ஐம்பதாயிரம் பேர் என்று சனம் கூடக் கூட, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேலைக்குப் போகிற வழியைக் கேம் கணக்குப் போட வேணும். அந்தக் கணக்குத்தான் மெஷினைத் தின்னுது, வடிவான கட்டடங்கள் இல்லை. இதில் நகரத்துக்கு மூன்று அளவு இருக்கு: ஒரு பக்கம் 1 கிலோமீற்றர், 2 கிலோமீற்றர், 4 கிலோமீற்றர். பெரியது சின்னதின் 16 மடங்கு பரப்பு. எங்கட மெஷினில் சின்னக் கட்டம் சுகமாக ஓடுது, நடுக் கட்டம் பொறுமை இருந்தால் ஓடுது, பெரிய கட்டம் கொஞ்சக் காலத்துக்கு ஓடிவிட்டு, பிறகு ஒரு வீதி போட்டால் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வரலாம். இந்த மூன்று பதிலையும் ஒரு "ஓடும்" என்ற சொல்லுக்குள் எப்படி அடைக்கிறது? எவ்வளவு தூரம் ஓடும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும், அந்த இடத்தை என்னால் பொறுக்க ஏலுமா என்றுதான் கேட்க வேணும். மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரராலும் தளத்தாலும் பதில் சொல்ல ஏலாது, அது என்னைப் பற்றினது.

பழைய மெஷின் எல்லாத்தையும் ஓட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2015இல் வந்தபோதே குறைந்தது 4 ஜிபி றாமும் 64 பிட் விண்டோஸும் தனிக் காட்டும் கேட்டது. எங்கட வீட்டில் மூன்றும் இல்லை. முயற்சியே செய்யவில்லை, அது "ஓடாது"தான். ஆனால் எது இல்லாததால் ஓடாது என்று எனக்குத் தெரியும். கடைக்காரர் சொன்ன "ஓடாது"வில் அந்த "எது" இல்லை. இன்னும் ஒன்று, 2023இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது விலை கூடின மெஷின்களிலேயே அது திணறியது. புதுசு வாங்கினால் கவலை தீரும் என்று நினைக்கிறவர்கள் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

கடைக்காரரைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. பத்துப் பேர் வரிசையில் நிற்க, ஒரு பிள்ளையின் பழைய கேமுக்காக அரை மணித்தியாலம் அவர் ஏன் மினக்கெட வேணும்? அவருடைய வேலை விற்கிறது. என் கோபம் எங்கட பக்கம்தான். "ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு உது விளங்காது" என்று மற்றவன் சொல்ல முதலே நாங்களே சொல்லிக்கொள்கிறோம். விளங்காமல் இருக்க இதில் கணக்கும் இல்லை, சர்க்கிட்டும் இல்லை. ஒரு பெட்டியின் பின்பக்கத்தையும் ஒரு நோட்பேட் கோப்பையும் வாசித்தேன், அவ்வளவுதான்.

கேமோடு முடிகிற விசயமும் இல்லை இது. 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதுக்கு முதலே எங்கட பாட்ச் வட்சப் குழுவில் ஒவ்வொருத்தராக "என்ர லப்டொப் விண்டோஸ் 11க்கு ஏலாதாம், புதுசு வாங்கட்டா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் ஒரு சோதிக்கிற மென்பொருள் காட்டுகிற ஒற்றைச் சொல்தான். டிபிஎம் 2.0 இல்லையா, றாம் 4 ஜிபி காணாதா, ப்ரொசெசர் அவர்களுடைய பட்டியலில் இல்லையா? எது என்று பார்க்காமல் எத்தனை வீட்டில் எத்தனை சீட்டு உடையப்போகுதோ. சிலருக்கு பயோஸில் ஒரு பொத்தானைத் தட்டினால் டிபிஎம் வந்துவிடும். சிலருக்கு உண்மையாகவே வழியில்லை. தான் எந்த வகை என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே கடைக்கு ஓடுகினம்.

என்ர நகரத்துக்கு வருவோம். இந்த கேமில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொடுத்தால் அதை நிலமாக மாற்றும், வெளிச்சமான இடம் மேடு, இருட்டு பள்ளம். ஒரு புள்ளி 16 மீற்றர் நிலம். சாம்பல் நிறம் ஒரு படி கூடினால் நிலம் 3 மீற்றர் உயரும். ஆசையில் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் செய்து கொடுத்தேன். எங்கட நிலம் பெரும்பாலும் பத்து மீற்றருக்குள்தானே, முழுக் குடாநாடும் மூன்று நாலு சாம்பல் படிக்குள் முடிந்துவிட்டது. திரையில் பார்த்தால் கடலில் போட்ட தட்டு ரொட்டி மாதிரி இருக்கு. கோட்டையிலிருந்து நல்லூர் வரைக்கும் ஒரு பெரிய கட்டத்துக்குள் அடங்கும், ஆனால் பெரிய கட்டம் எங்கட மெஷினுக்கு ஏலாது என்று தெரிந்தபடியால் நல்லூர்ப் பக்கத்தை மட்டும் நடுக் கட்டத்தில் போட்டிருக்கிறேன். இப்ப நாற்பதாயிரம் சனம். பஸ் தரிப்பிடம் வைக்க வைக்கக் காணாமல் இருக்கு. சேமிக்கக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும்.

சீட்டுக் காசு அப்படியே இருக்கு. தம்பிக்கு வெட்டுப்புள்ளி வந்த பிறகுதான் அதைப் பற்றிக் கதை. அவன் இப்ப ஜிடிஏ 5 ஓடுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை, டிஎக்ஸ்டயக் திறக்கிறது எப்படி என்று மட்டும் காட்டிவிட்டேன். எவ்வளவு ஹாட் டிஸ்க் இடம் வேணும் என்ற வரியில் அவன் இப்ப நிற்கிறான், றாம் வரிக்கு இன்னும் வரவில்லை.